45.36 கிலோவுக்குள் ஒளிந்திருக்கும் நூறு பவுண்டு

கோவை நூற்பாலைகளிலிருந்து ஏற்றுமதியாகும் நூல் பெட்டிகள் பலவற்றில் 45.36 கிலோ என்று அச்சடித்திருக்கும். உள்ளே 24 கோன், ஒவ்வொன்றும் 1.89 கிலோ. இதென்ன கோணல் கணக்கு, 45 என்றோ 50 என்றோ போட்டால் என்ன என்று தோன்றும். பவுண்டில் பார்த்தால் கோணல் நிமிர்ந்துவிடும்: சரியாக 100.

1888-ல் ஸ்டேன்ஸ் மில் தொடங்கிய காலத்திலிருந்தே இங்கிலாந்து இயந்திரங்களோடு லங்காஷயர் கணக்கும் கோவைக்கு வந்துவிட்டது. 840 கெஜ நூல் ஒரு சிட்டம். ஒரு பவுண்டு எடைக்கு நாற்பது சிட்டம் பிடித்தால் அது நாற்பதாம் நம்பர் நூல். நம்பர் ஏற ஏற நூல் சன்னமாகும். ஆலையின் சோதனைக்கூடத்தில் ஒன்றரை கெஜச் சுற்றளவுள்ள ராட்டில் 80 சுற்று சுற்றுவார்கள். 120 கெஜம் வரும், அதற்கு 'லீ' என்று பெயர். ஏழு லீ ஒரு சிட்டம். அந்த லீயை இழுத்து அறுத்து, எத்தனை பவுண்டு தாங்கியது என்று பார்த்து, அதைக் கவுண்டால், அதாவது நூலின் நம்பரால், பெருக்கினால் நூலின் தரம் தெரிந்துவிடும். கைத்தறிக்காரர் வாங்கிய 10 பவுண்டு சிட்டா நூல் கட்டு, கிலோ வந்ததும் 4.54 ஆனது. கட்டு என்னவோ அதே கட்டுதான்.

1956-ல் மெட்ரிக் சட்டம் நிறைவேறியது. 1962 ஏப்ரலில் எடைக்கு அது கட்டாயமானது. கடைவீதியில் நாற்பது பலம் கொண்ட வீசை, அதாவது ஏறக்குறைய 1.4 கிலோ, தராசுக் கல்லோடு போய்ச் சேர்ந்தது. கல்லை மாற்றுவது சுலபம். ஆலையில் கவுண்ட் என்பது பல்சக்கரத்திலும் விலைப்பட்டியலிலும் தறிக்காரரின் ஆர்டரிலும் ஊறிப்போன கணக்கு. அதே 1956-ல்தான் கோவையில் 'சிட்ரா' ஜவுளி ஆராய்ச்சி நிறுவனமும் பிறந்தது என்பது வேடிக்கையான பொருத்தம். உலகத்துக்கெல்லாம் பொதுவாக 'டெக்ஸ்' என்ற மெட்ரிக் அளவும் வந்தது. அதன்படி நாற்பதாம் நம்பர் நூல் 14.76 டெக்ஸ். அப்படிச் சொல்லி நூல் கேட்டால் கோவை வியாபாரி ஒரு நிமிடம் முழிப்பார்.

திருப்பூரில் கலவை இன்னும் அதிகம். பனியன் துணிக்கு நூல் பவுண்டு-கெஜக் கணக்கில் வரும். பின்னும் இயந்திரத்தின் கேஜ், ஓர் அங்குலத்துக்கு எத்தனை ஊசி என்பது. துணியாகி வெளியே வந்ததும் சதுர மீட்டருக்கு இத்தனை கிராம் என்று பேச்சு மாறிவிடும். பனியன் டப்பாவில் இருக்கும் 85, 90 எல்லாம் சென்டிமீட்டர். பழைய 34, 36 அங்குலத்தைக் கொஞ்சம் தட்டி நேராக்கிய எண்கள். வேட்டிக்கடையிலோ உறைமேல் மீட்டர் இருந்தாலும் நாலு முழமா, எட்டு முழமா என்றுதான் முதல் கேள்வி.