புதிய இணைய முகவரி முறையின் பரவல்: அளவீட்டின் வரலாறு பற்றிய ஒரு நோக்கு

ஒரு மாற்றம் எவ்வளவு தூரம் நிகழ்ந்துள்ளது என்று வினவுவோர், அதனை எதனைக் கொண்டு அளப்பது என்ற வினாவையும் உடன் எதிர்கொள்ளல் வேண்டும். குடிசன மதிப்பீட்டையும் ஏற்றுமதிப் புள்ளிவிபரங்களையும் ஆதாரமாகக் கையாளும் வரலாற்று மாணவர் இதனை நன்கறிவர். இணைய நெறிமுறையின் நான்காம் பதிப்பிலிருந்து ஆறாம் பதிப்புக்கு உலகம் மாறிவருவது இவ்வுண்மைக்கு ஏற்றதோர் அண்மைக்கால உதாரணமாகும். அம்மாற்றம் அளக்கப்பட்ட முறைகளையும் அவற்றால் விளைந்த முடிவுகளையும் ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இணையத்திற் சேரும் கருவிகளுக்கு எண் முகவரிகள் வேண்டும். 1981 செப்ரெம்பரில் வரையறுக்கப்பட்ட நான்காம் பதிப்பின் முகவரி 32 பிட் நீளமுடையது. ஏறத்தாழ 430 கோடி முகவரிகளே அதில் அமையலாம். அவ்வாண்டின் உலக சனத்தொகையே இத்தொகையை விஞ்சியிருந்தது. எனினும், கணினி அன்று பெரும் நிறுவனங்களுக்கே உரிய பொருளாக இருந்தமையால் இக்குறை பெரிதாகத் தோன்றவில்லை. அமெரிக்கப் பாதுகாப்புத் திணைக்களத்தின் ஆதரவில் இயங்கிய ஆர்ப்பாநெற் வலையமைப்பு, 1983 ஜனவரி 1 ஆம் திகதியை முன்னரே குறித்துவைத்து இந்நெறிமுறைக்கு மாறியது. வலையமைப்புச் சிறியது, அதிகாரமும் ஓரிடத்திற் குவிந்திருந்தது. ஆகவே அம்மாற்றத்துக்கு நாட்காட்டியே போதிய அளவுகோலாயிற்று.

1995 டிசெம்பரில் ஆறாம் பதிப்பின் முதல் வரையறை வெளியாயிற்று. அதன் முகவரி 128 பிட் நீளமுடையது. ஆயின் இவ்விரு பதிப்புகளும் ஒன்றோடொன்று நேரடியாகத் தொடர்புகொள்ள இயலாதவை. புதியதை ஏற்போர் பழையதையும் உடன் பேண வேண்டியிருந்தது. அதற்கிடையில் இணையம் நாடுகள் பலவற்றிற் பரவி, எண்ணற்ற நிறுவனங்களின் உடைமையாகிவிட்டது. ஒரு நாளைக் குறித்து அனைவரையும் மாறச் செய்யும் அதிகாரம் எவரிடமும் இருக்கவில்லை. மாற்றத்தை அளக்கும் தேவை இச்சூழ்நிலையிலேயே எழுந்தது.

முதலிற் கைக்கொள்ளப்பட்டவை எளிதிற் கிடைத்த சான்றுகளாகும். பிராந்தியப் பதிவகங்கள் வழங்கிய முகவரித் தொகுதிகளும், வலையமைப்புகள் அறிவித்த வழிகளும் எண்ணப்பட்டன. உறுதி எழுதப்பட்ட காணிகளை எண்ணிப் பயிர்ச்செய்கையின் பரப்பை மதிப்பிடுவதை ஒத்தது இம்முறை. அமெரிக்க சமஷ்டி அரசாங்கமும் 2005 ஆகஸ்டில் விடுத்த பணிப்புரையில், 2008 யூன் மாதத்துக்குள் தன் நிறுவனங்களின் முதுகெலும்பு வலையமைப்புகள் புதிய பதிப்பைக் கையாள வேண்டும் என்றே விதித்தது. முதுகெலும்பு ஆயத்தமாவது வேறு, அலுவலரின் மேசைக் கணினி அதனைப் பயன்படுத்துவது வேறு. 2020 நவம்பரில் வெளியான பணிப்புரை அளவுகோலையே மாற்றிற்று. 2025 நிதியாண்டின் முடிவில், வலையமைப்பில் இணைந்த உடைமைகளுள் குறைந்தது 80 சதவீதமானவை புதிய பதிப்பில் மட்டும் இயங்க வேண்டும் என்பது அதன் இலக்காகும்.

பயனாளரிடமிருந்து அளக்கும் முறை 2008 இல் வலுப்பெற்றது. அவ்வாண்டு செப்ரெம்பர் முதல், கூகிள் நிறுவனம் தன் சேவைகளை நாடுவோருள் எத்தனை பேர் புதிய பதிப்பின் வழியாக வரக்கூடியவர் என்பதைப் பதிவு செய்யலாயிற்று. முதலிற் கிடைத்த விடை ஒரு சதவீதத்துக்கும் மிகக் குறைவாகும். ஆயினும் பிரான்சு நாடு அதில் தனித்து விளங்கியது. அங்குள்ள ஃப்ரீ என்னும் நிறுவனம், ரெமி டெப்ரே வகுத்த உபாயத்தைக் கைக்கொண்டு, 2007 இன் இறுதியில் ஐந்து வாரங்களுள் தன் வாடிக்கையாளருக்குப் புதிய இணைப்பை அளித்திருந்தது. 2016 செப்ரெம்பரில் இந்தியாவில் ஜியோ நிறுவனம் தன் சேவையைத் தொடங்கிய பின்னர் அந்நாட்டின் அளவு விரைந்து உயர்ந்தமையும் இத்தகையதே. தேசிய முன்னேற்றமாகத் தோன்றுவது பல இடங்களிற் சில நிறுவனங்களின் தீர்மானத்தின் விளைவே என்பதை இவை புலப்படுத்துகின்றன.

கூகிளின் கணக்கு 2016 இன் தொடக்கத்தில் ஏறத்தாழ 10 சதவீதத்தை எட்டி, பின்னர் 50 சதவீதத்தை அண்மித்தது. ஆயின் அந்நிறுவனத்தின் சேவைகள் தடுக்கப்பட்டுள்ள சீனாவைப் பற்றி அக்கணக்கு அதிகம் கூறாது. விளம்பரங்களின் வழியாகப் பல நாட்டுப் பயனாளரைச் சோதிக்கும் ஆசிய பசிபிக் பதிவகத்தின் ஆய்வுப் பிரிவு வேறோர் கணக்கைத் தருகின்றது. மேலும், வார இறுதியில் அளவு உயர்ந்து வேலை நாட்களில் தாழ்கின்றது. வீடுகளும் கைத்தொலைபேசிகளும் அலுவலகங்களுக்கு முந்திவிட்டமையே இதற்குக் காரணமாகும். 2014 இல் வெளியான ஓர் ஆய்வு பன்னிரண்டு அளவுகோல்களை ஒப்பிட்டு, அவற்றின் முடிவுகள் ஏறத்தாழ நூறு மடங்குவரை வேறுபடுவதைக் காட்டிற்று. முகவரி வழங்கலில் முன்னேறியதாகத் தோன்றிய உலகம், போக்குவரத்தின் அளவிற் பின்தங்கியே நின்றது.

இவ்வேறுபாட்டை அறிஞருக்கு மட்டும் உரிய நுணுக்கமெனக் கொள்ளலாகாது. 2011 பெப்ரவரி 3 ஆம் திகதி பழைய முகவரிகளின் உலகப் பொதுக் கையிருப்பிலிருந்து இறுதித் தொகுதிகள் வழங்கப்பட்டன. ஏப்பிரல் 15 ஆம் திகதி ஆசிய பசிபிக் பதிவகம் தன் கடைசித் தொகுதியைப் பங்கீட்டு முறையில் வழங்கத் தொடங்கியது. முந்தி வந்தோரிடம் முகவரிகள் குவிந்திருந்தன. மசாசூசெற்ஸ் தொழினுட்ப நிறுவகம் என்னும் ஒரு கல்வி நிலையத்திடம் மட்டும் 1 கோடி 67 இலட்சத்துக்கு மேற்பட்ட முகவரிகள் இருந்தன; அவற்றில் ஒரு பகுதியை அது 2017 இல் விற்றது. பிந்தி வந்த நாடுகளின் நிறுவனங்களோ முகவரிகளை விலைக்கு வாங்கவும், ஒரே முகவரியின் பின்னாற் பல வாடிக்கையாளரை நிறுத்தவும் நேர்ந்தது. இச்சுமையை உலகச் சராசரி காட்டுவதில்லை.

கணக்கிற் புதியவராகப் பதிவாகும் பயனாளருட் பலர் பழைய முகவரியையும் உடன் வைத்திருப்பவரே. புதிய பதிப்பை எட்டாத தளமொன்று உள்ளவரை அவரால் அதனைக் கைவிட இயலாது. எனவே ஏற்பு நூறு சதவீதமானாலும் மாற்றம் நிறைவெய்தியதாகக் கொள்ள முடியாது. புதியதை எத்தனை பேர் பெற்றனர் என்பதோடு, பழையதின்றி எத்தனை பேர் இயங்க முடியும் என்பதையும் அளத்தல் வேண்டும். முகவரிப் பஞ்சத்தின் விலையைச் செலுத்துவோருக்கு விடுதலை தருவது பின்னையதேயாகும். சதவீதம் ஒன்று நம்முன் வைக்கப்படும்போது, அது யாரை, எங்கிருந்து, எதன்பொருட்டு எண்ணியது என்று வினவுவது வரலாற்று மாணவரின் கடனாகும்.