பெயர் ஒன்று, பொருள் இரண்டு: ஸ்பானிய ஹெருந்தியோவும் தமிழ் வினையெச்சமும்

1492ஆம் ஆண்டில் அந்தோனியோ தெ நெப்ரிஹா வெளியிட்ட காஸ்தீலிய இலக்கணம் 10 சொல்வகைகளைக் கூறுகிறது. அவற்றுள் ஒன்று 'ஹெருந்தியோ'. லத்தீனில் இது வேற்றுமை ஏற்கும் வினைப்பெயர். அதன் '-ந்தோ' என முடியும் வடிவம் மட்டுமே ஸ்பானியத்தில் எஞ்சி, மற்றொரு வினையைத் தழுவும் எச்சமாயிற்று. 'அப்லார்' (பேசு) 'அப்லாந்தோ' ஆகும். 'கொமேர்' (உண்) 'கொமியெந்தோ' ஆகும்.

மாணவரை மலைக்க வைப்பவை இவ்விதியிலிருந்து விலகும் வடிவங்கள். 'பெதிர்' (கேள்) 'பிதியெந்தோ' ஆகிறது. 'தொர்மிர்' (உறங்கு) 'துர்மியெந்தோ' ஆகிறது. ஈற்றின் தொடக்கத்திலுள்ள யகர ஒலி, 'இர்' ஈற்று வினைகளின் அடியிலிருந்த எகரத்தை இகரமாகவும் ஒகரத்தை உகரமாகவும் உயர்த்தியதன் தடம் இது. 'ஏர்' ஈற்று வினைகளில் இம்மாற்றம் நிகழாததால்தான் 'கொமியெந்தோ' ஒகரத்தோடே நிற்கிறது. 'பொதேர்' (இயலு) மட்டும் 'புதியெந்தோ' எனத் தனித்து விலகும். 'லெஎர்' (படி) 'லெயெந்தோ' ஆவது வேறு வகை: இரண்டு உயிர்களுக்கிடையே பட்ட இகரம் யகரமாகிறது. 'இர்' (போ) 'யெந்தோ' ஆகும்போது வினையடி முழுதும் மறைந்து ஈறு மட்டும் நிற்பதுபோல் தோன்றும்.

தமிழ் பேசுவோருக்கு இது புதிதன்று. கேள் 'கேட்டு' ஆகிறது. நில் 'நின்று' ஆகிறது. போ 'போய்' ஆகிறது. 'சா' என்னும் வினை தமிழில் 'செத்து' எனவும் கன்னடத்தில் 'சத்து' எனவும் வரும். ஸ்பானிய 'மொரிர்' 'முரியெந்தோ' ஆகும். மூன்று மொழிகளிலும் இறப்பைக் குறிக்கும் வினை, தன் அடியின் உயிரை மாற்றிக்கொண்டே எச்சமாகிறது. இவை குழப்பங்கள் அல்ல. பழைய ஒலி மாற்றங்களின் எச்சங்கள்.

உண்மையான இடர் வடிவத்தில் இல்லை, பெயரில் இருக்கிறது. 16ஆம் நூற்றாண்டில் முத்துக்குளித்துறையில் பணியாற்றிய அன்றீக்கே அன்றீக்கசு முதலாக, தமிழுக்கு இலக்கணம் எழுதிய ஐரோப்பியப் பாதிரிமார் தமக்குப் பழகிய லத்தீன் வகைப்பாடுகளைக் கொண்டே தமிழை விளக்கினர். அம்மரபின் வழியே 'செய்து' என்னும் வாய்பாட்டு வினையெச்சத்துக்கு 'ஜெரண்ட்' என்ற பெயரும் வழங்கலாயிற்று. தொல்காப்பியம் 9 வாய்பாடுகளாகவும் நன்னூல் 12 வாய்பாடுகளாகவும் பகுத்துக் காட்டிய வினையெச்சப் பரப்பில் ஒரு மூலைக்கு இட்ட பெயர் அது.

'ஓடி வந்தான்' என்பதை 'வினோ கொர்ரியெந்தோ' எனலாம். அங்கே எச்சம் வந்த விதத்தைச் சொல்கிறது. இந்த ஒற்றுமையே மாணவரை ஏமாற்றும். 'கடைக்குப் போய் ரொட்டி வாங்கினேன்' என்பதில் 'போய்' முன் நிகழ்ந்து முடிந்த செயல். அதனை 'யெந்தோ' என்று பெயர்த்தால், கடைக்குப் போகும் வழியிலேயே ரொட்டி வாங்கியதாகப் பொருள்படும். ஸ்பானியம் இங்கே 'போனேன்', 'வாங்கினேன்' என இரண்டு முற்றுவினைகளை 'இ' என்னும் இணைப்புச் சொல்லால் கோக்கும். ஹெருந்தியோவின் இயல்பான பொருள் உடன்நிகழ்வு.

பெங்களூரில் ஸ்பானியம் கற்கும் தமிழ் மாணவருக்கு இதைத் தெளிவிக்கும் கருவி அவரது தெருவிலேயே உள்ளது. கன்னடம் 'ஹோகி' (போய்), 'ஹோகுத்தா' (போய்க்கொண்டு) என இரண்டையும் தனித்தனி வடிவங்களாகப் பிரித்து வைத்திருக்கிறது. 'யெந்தோ'வுக்கு நிகர் 'ஹோகுத்தா'வே, 'ஹோகி' அன்று. 'எஸ்தோய் லெயெந்தோ' என்பதற்குக் கன்னடர் 'ஓதுத்தா இத்தேனெ' என்பர். உதவிவினையோடு நிகழ்கால எச்சம் சேரும் அதே கட்டமைப்பு. 'கொர்ரியெந்தோ' போன்று விதத்தைச் சொல்லும் இடங்களில் கன்னடமும் 'ஓடி' என்றே சொல்லக்கூடும். ஆதலால் இது முழு அளவுகோல் ஆகாது. ஆயினும் தொடர்நிகழ்வையும் உடன்நிகழ்வையும் பிரித்தறிய இதனினும் எளிய வழி அரிது.

ஒரு மொழியின் இலக்கணக் கலைச்சொல் இன்னொரு மொழிக்குப் பெயரும்போது, அது தன் பொருளையும் உடன்கொண்டு செல்வதில்லை. வடிவங்களை மனனம் செய்வதற்கு முன், அவ்வடிவம் காலத்தை எவ்வாறு நிறுத்துகிறது என்று கேட்பதே கற்போருக்கும் கற்பிப்போருக்கும் பயன் தரும்.