மழையா, வெயிலா, புகையா?



வானிலை மிகக் கொடிய ஊர் எது என்று மாணாக்கரைக் கேட்டால், தைப்பிங் என்பர் சிலர். ஆண்டுக்கு ஏறக்குறைய 4,000 மில்லிமீட்டர் மழை பெறும் ஊர் அது. இன்று மழை வருமா, வராதா என்று அங்குள்ளோர் பந்தயமே கட்டியதுண்டு! வெயிலுக்குப் பெர்லிஸ் மாநிலத்துச் சூப்பிங். 1998 ஏப்ரல் 9ஆம் நாள் அங்கு 40.1 பாகை செல்சியஸ் பதிவாயிற்று. ஆயினும் மழைக்குக் குடையுண்டு, வெயிலுக்கு நிழலுண்டு. மூச்சுக்காற்றே கெட்டுப்போன நகரங்களையே நான் முதலிடத்தில் வைப்பேன்.

1952 டிசம்பர் 5ஆம் நாள் இலண்டன் மாநகரில் காற்று அசைவற்று நின்றது. தரையருகே குளிர்காற்று, அதன்மேல் வெப்பக்காற்று மூடிபோல் படிந்தது. வீடுதோறும் எரித்த நிலக்கரியின் புகை மேலெழ வழியின்றி மூடுபனியோடு கலந்து ஐந்து நாள்கள் தெருக்களிலேயே தங்கிற்று. பேருந்துகள் நின்றன. சாட்லர்ஸ் வெல்ஸ் அரங்கினுள்ளும் புகை புகுந்ததால் இசைநாடகம் பாதியில் நிறுத்தப்பட்டது. இறப்புப் பதிவுகளைக் கூட்டிப் பார்த்தபோதுதான், வழக்கத்தைவிட ஏறத்தாழ 4,000 பேர் மிகுதியாக மாண்டது புலனாயிற்று. அடுத்த மாதங்களின் இறப்புகளுக்கு இன்ஃபுளுவென்சா காய்ச்சலே காரணம் என்றது அரசு. பின்னாளைய ஆய்வாளர் அவற்றையும் சேர்த்து 12,000 எனக் கணித்தனர்.

இனி நம் கூச்சிங். 1997இல் எல் நினோ வறட்சி. தோட்டங்களுக்காகக் கலிமந்தானில் நிலத்தைத் துப்புரவாக்க இட்ட தீ, சதுப்பு நிலங்களுக்கும் பரவிப் பல வாரங்கள் புகைந்தது. செப்டம்பர் 19ஆம் நாள் சரவாக்கில் நெருக்கடி நிலை அறிவிக்கப்பட்டது. 23ஆம் நாள் கூச்சிங்கில் காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 839ஐத் தொட்டது. 50 வரை நலம். 300ஐத் தாண்டினாலே பேராபத்து என்பதை நினைவிற் கொள்க.

இறப்பு எண்ணிக்கையில் இலண்டனே கொடியது. ஆனால் ஓர் ஆசிரியனாக என்னை மிகவும் உறுத்துவது, கூச்சிங்கிற்குப் பின்னர் இங்கு நிகழ்ந்ததே. சுற்றுப்பயணிகள் அஞ்சுவர் என்று கருதி, 1999 முதல் நம் நாட்டில் அக்குறியீடு மறைபொருளாக வைக்கப்பட்டது. திடலில் ஓட்டப்பயிற்சி நடத்தலாமா என்பதை ஆசிரியர்கள் சன்னல் வழியே பார்த்துத்தான் முடிவு செய்யவேண்டியிருந்தது. ஈளை நோயுள்ள பிள்ளையின் தாய்க்கும் அதே நிலைதான். 2005 ஆகஸ்டில் கிள்ளான் துறைமுகத்திலும் கோல சிலாங்கூரிலும் குறியீடு 500ஐத் தாண்டி நெருக்கடி நிலை வந்த அந்நாள்களில்தான் எண்கள் மீண்டும் வெளியாயின.

இலண்டனின் புகை இலண்டனிலேயே பிறந்தது. ஆகவே 1956இல் பிரிட்டன் தூய காற்றுச் சட்டம் இயற்ற முடிந்தது. நம் புகையோ பெரும்பாலும் கடல் கடந்தும் எல்லை கடந்தும் வருவது. ஆசியான் நாடுகள் 2002இல் கோலாலம்பூரில் புகைமூட்ட ஒப்பந்தத்தில் கையொப்பமிட்டன. இந்தோனேசியா அதனை ஏற்புறுதி செய்தது 2014இல்தான். அதன் பின்னரும், 2015இலும் 2019இலும், புகைக்காக நம் பள்ளிகள் மூடப்பட்டன.