விளம்பி வருஷத்து விருந்தாளி

வேலூரில் எனக்குத் தெரிந்த ஓய்வுபெற்ற வரலாற்றுப் பேராசிரியர் ஒருவர் இருக்கிறார். எண்பதைக் கடந்தவர். அவர் படிப்பறையில் நான்கு நாற்காலிகள் உண்டு. மூன்றில் புத்தகம் அடுக்கியிருக்கும். நான்காவது காலியாகவே இருக்கும், ஆனால் அதில் யாரும் உட்காரக் கூடாது. காரணம் கேட்டால், "கேம்பிரிட்ஜுக்கு வராதவர் இங்கே வரலாம் இல்லையா?" என்பார்.

அவர் சொல்வது ஸ்டீவன் ஹாக்கிங் வைத்த விருந்தை. 2009 ஜூன் 28 அன்று கேம்பிரிட்ஜின் கான்வில் அண்ட் கீஸ் கல்லூரியில் பலூன் கட்டி, ஷாம்பெயின் ஊற்றி வைத்துவிட்டுத் தன் சக்கர நாற்காலியில் காத்திருந்தார் ஹாக்கிங். அப்போது அவருக்கு வயது 67. அழைப்பிதழை விருந்து முடிந்த பிறகுதான் வெளியிட்டார். எதிர்காலத்திலிருந்து திரும்பி வரக்கூடியவர்கள் மட்டுமே அந்த அழைப்பை ஏற்று வந்திருக்க முடியும். ஒருவரும் வரவில்லை.

பேராசிரியரின் ஆட்சேபம் இதுதான்: விருந்துக்கு வரவில்லை என்றால் வேறு எங்கும் வரவில்லை என்று ஆகிவிடுமா? வந்தவர்கள் சத்தமில்லாமல் வந்து போயிருந்தால் தடம் எங்கே கிடைக்கும்? ஆவணத்தில்தானே? இதே கேள்வியை அமெரிக்காவில் இருவர் முறையாகவே கேட்டிருக்கிறார்கள். மிச்சிகன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் வானியலாளர் ராபர்ட் நெமிராஃபும் தெரசா வில்சனும் 2013-இல் இணையத்தைச் சல்லடை போட்டார்கள். ஐசான் வால்மீன் கண்டுபிடிக்கப்பட்டது 2012 செப்டம்பரில். போப்பாண்டவர் ஒருவர் பிரான்சிஸ் என்று பெயர் ஏற்றது 2013 மார்ச்சில். அந்தத் தேதிகளுக்கு முன்பே யாராவது அந்தப் பெயர்களை எழுதியிருக்கிறார்களா என்று தேடினார்கள். ஒரு சொல் தான் பிறப்பதற்கு முன்பே ஏட்டில் ஏறியிருந்தால், எழுதியவர் காலம் கடந்து வந்தவர். அவர்களுக்கும் யாரும் அகப்படவில்லை.

"இணையத்தில் தேடியிருக்கிறார்கள். ஆம்பூரில் தேடவில்லையே" என்று சொல்லி, பேராசிரியர் என் கையில் ஒரு சிட்டையைக் கொடுத்தார்.

சிட்டை என்பது அன்றன்றைய வரவு செலவை நடந்த வரிசையிலேயே எழுதிவைக்கும் கரட்டுக் கணக்கு. அதிலிருந்து ஆள்வாரியாகப் பிரித்து எழுதுவது பேரேடு. பேரேட்டை முதலாளி பார்ப்பார் என்பதால் கணக்குப்பிள்ளை அதைத் திருத்தமாக எழுதுவார். சிட்டையை யாரும் பார்ப்பதில்லை. அதனாலேயே ஆய்வாளருக்குச் சிட்டைமேல் நம்பிக்கை அதிகம். இது ஆம்பூர்ப் பக்கத்துத் தோல் ஷாப்பு ஒன்றினுடையது. ஊரில் தோல் பதனிடும் இடத்துக்கு அதுதான் பெயர். மேலட்டையில் '786'. அதன் கீழே 'விளம்பி வருஷத்துச் சிட்டை'. மூலையில் பென்சிலால் யாரோ '1898' என்று குறித்திருந்தார்கள். உள்ளே ஆவாரம்பட்டை, கடுக்காய், சுண்ணாம்பு, வண்டிக்கூலி. தை மாதப் பக்கத்தில் ஒரு வரி: 'குரோம் சாமான் வகையில்'.

அந்த ஒற்றைச் சொல்லில் என் கண் நின்றுவிட்டது.

தென்னாட்டுத் தோல் அன்று மரப்பட்டையை நம்பியிருந்தது. ஆவாரம்பட்டைச் சாற்றில் ஊறி வாரக்கணக்கில் மெல்லப் பதமாகும் தோல் அது. குரோமிய உப்பால் பதனிடும் முறைக்கு அகஸ்டஸ் ஷுல்ஸ் அமெரிக்காவில் காப்புரிமை பெற்றது 1884-இல். சென்னையில் ஆல்பிரட் சாட்டர்டன் அதைச் சோதனை செய்யத் தொடங்கியது 1903-இல். குரோம் லெதர் கம்பெனி வந்து, அது இருந்த இடம் குரோம்பேட்டை ஆனது அதற்கும் பிறகு. அப்படியிருக்க 1898-இல் ஆம்பூர்க் கணக்குப்பிள்ளைக்கு அந்தச் சொல் எப்படிக் கிடைத்தது?

என் முதல் முடிவு தவறானது. அதை மறைக்க விரும்பவில்லை. ஷுல்ஸுக்கும் சாட்டர்டனுக்கும் இடையே 19 ஆண்டுகள் இருக்கின்றன. தோல் வாங்க வந்த வெளிநாட்டு வியாபாரி யாராவது மாதிரிக்கு ஒரு டப்பா குரோம் உப்பைக் கொடுத்துவிட்டுப் போயிருக்கலாம். அப்படியானால் சாட்டர்டனுக்கு ஐந்தாண்டு முன்பே ஆம்பூரில் சோதனை நடந்திருக்கிறது! இரண்டு நாள் இந்த எண்ணத்தோடு மகிழ்ச்சியாகவே இருந்தேன். சான்றுகளும் ஒத்துழைத்தன. எண்கள் எல்லாம் தமிழ் எண்கள். எடை மணங்கிலும் வீசையிலும். பணம் ரூபாய், அணா, பையில். எல்லாமே பழைய வாடை.

மூன்றாம் நாள்தான் இந்தச் சான்றுகளின் பலவீனம் உறைத்தது. பழைய வழக்கம் ஏட்டின் வயதைச் சொல்லாது. எழுதியவரின் வயதைத்தான் சொல்லும். இளமையில் தமிழ் எண் கற்ற கணக்குப்பிள்ளை, உலகம் மாறிய பிறகும் சாகும்வரை அதிலேயே எழுதுவார்.

ஏட்டுக்குள் மடித்து வைத்திருந்த ஒரு துண்டுச் சீட்டு அடுத்த துப்பு. அதில் 'வாணியம்பாடி, வ.ஆ. ஜில்லா' என்று விலாசம். ஆம்பூருக்கும் வாணியம்பாடிக்கும் பேருந்தில் அரை மணிகூட ஆகாது. ஆனால் 1898-இல் வாணியம்பாடி வட ஆற்காட்டில் இல்லை. அது திருப்பத்தூர் தாலுகா. அந்தத் தாலுகா சேலம் ஜில்லாவில் இருந்தது. வட ஆற்காட்டோடு சேர்ந்தது 1911-இல்தான். இன்று திருப்பத்தூர் தனி மாவட்டமாகி, ஆம்பூரும் வாணியம்பாடியும் அதற்குள்ளேயே வந்துவிட்டதால் இது எளிதில் மறந்துபோகிறது. ஆக, சீட்டு 1911-க்குப் பிந்தையது. ஆனால் தைக்கப்படாத சீட்டு அது. யாரும் எப்போது வேண்டுமானாலும் செருகியிருக்கலாம். சீட்டின் வயதை ஏட்டின் தலையில் ஏற்ற முடியாது. சந்தேகத்துக்கு அது போதும், தீர்ப்புக்குப் போதாது.

சந்தேகம் வந்த பிறகுதான் அட்டைக்குத் திரும்பினேன். அட்டையில் மையால் எழுதியிருப்பது விளம்பி மட்டும். பிரபவ முதல் அட்சய வரை நம் ஆண்டுப் பெயர்கள் 60. சுற்று முடிந்தால் அதே பெயர் திரும்பி வரும். 1898-இல் தொடங்கிய ஆண்டும் விளம்பி, 1958-இல் தொடங்கிய ஆண்டும் விளம்பி. 2018-இலும் ஒரு விளம்பி வந்து போனது. இதற்கு மாறாக, ஆம்பூர் நடுகற்களில் பல்லவ அரசன் நிருபதுங்கவர்மனின் 26-ஆம் ஆட்சியாண்டு என்று வெட்டியிருக்கிறார்கள். ஓர் அரசனின் 26-ஆம் ஆண்டு மறுபடி வராது. அட்டையில் எழுதிய விளம்பி அறுபது ஆண்டுக்கொருமுறை வந்துகொண்டே இருக்கும்.

எந்த விளம்பி என்பதைக் கிழமை காட்டிக்கொடுக்கும். எல்.டி. சாமிக்கண்ணுப் பிள்ளை 1911-இல் இந்தியக் காலக்கணிதம் பற்றி ஆங்கிலத்தில் ஒரு பெருநூல் வெளியிட்டார். கி.மு. 1 முதல் கி.பி. 2000 வரையுள்ள தேதிகளைச் சரிபார்க்க அட்டவணை போட்டுக் கொடுத்த மனிதர். 1911-இல் அச்சான அந்தப் புத்தகத்தில் 1959-ஆம் ஆண்டுப் பொங்கல் என்ன கிழமை என்று கணக்கிடலாம்! எதிர்காலத்துக்குப் போய்வந்த தமிழர் ஒருவரைக் காட்டச் சொன்னால் நான் அவரைத்தான் காட்டுவேன்.

கணக்கு எளியது. அறுபது சூரிய ஆண்டுகளில் 21,915 நாளும் மேலே அரை நாள் சொச்சமும் இருக்கின்றன. ஏழால் வகுத்தால் மீதி ஐந்தோ ஆறோ வரும், பூஜ்யம் வராது. அதனால் ஒரு சுற்றின் தேதிக்கும் அடுத்த சுற்றின் அதே தேதிக்கும் கிழமை ஒருபோதும் ஒன்றாக அமையாது. குரோம் வரி இருக்கும் பக்கத்தின் தலைப்பு 'தை 6, திங்கள்'. 1899 ஜனவரியில் தை 6 செவ்வாய் அல்லது புதன். சூரியன் மகரத்தில் புகுந்தது அந்தி நேரத்தை ஒட்டி என்பதால் ஒரு நாள் இப்படியோ அப்படியோ ஆகும். எப்படிப் பார்த்தாலும் திங்கள் ஆகாது. 1959-இல் தை 6, ஜனவரி 19. திங்கட்கிழமை.

கிழமையைக் கணக்குப்பிள்ளை தவறாக எழுதியிருந்தால்? மேலும் ஏழு பக்கங்களைச் சோதித்தேன். ஆறு 1958-59-க்குப் பொருந்தின. ஒன்று இரண்டு சுற்றுக்குமே பொருந்தவில்லை. அன்று அவருக்கு என்ன அவசரமோ.

இருந்தாலும் கிழமையும் தேதியும் ஒரே பஞ்சாங்கத்தின் பிள்ளைகள். வேறு கணக்கிலிருந்து ஒரு சாட்சி வேண்டும் என்று தோன்றியது. தோல் வட்டாரத்தில் அதற்குப் பஞ்சமில்லை. இங்கே சம்பளம் சூரியனைப் பார்த்து, பெருநாள் பிறையைப் பார்த்து. ஹிஜ்ரி ஆண்டு சூரிய ஆண்டைவிடச் சுமார் 11 நாள் குறைவு. அது நம் மாதங்களின் ஊடே பின்னோக்கி நகர்ந்து, ஏறக்குறைய 33 ஆண்டுக்கொருமுறை பழைய இடத்துக்கு வரும். அறுபது ஆண்டுச் சுற்றுக்கு அது கட்டுப்படாது. பங்குனிப் பக்கங்களைப் புரட்டினேன். பங்குனி 25: 'நோன்புப் பெருநாள் முன்பணம், ஆட்களுக்கு'. 1899-இல் நோன்புப் பெருநாள் பிப்ரவரி 12-ஐ ஒட்டி, அதாவது தையும் மாசியும் சந்திக்கும் இடத்தில் வந்தது. பங்குனி கடைசியில் அதற்கு முன்பணம் கொடுக்க வேண்டியதில்லை. 1959-இல் பெருநாள் ஏப்ரல் 10-ஐ ஒட்டி வந்தது. பங்குனி 28. மூன்று நாள் முன்னதாகக் கையில் பணம். எந்த ஷாப்பிலும் நடக்கிற வழக்கம்தான்.

பின்னட்டையின் உட்புறத்தை அதன் பிறகுதான் உற்றுப் பார்த்தேன். முதலிலேயே பார்த்திருந்தால் இவ்வளவு அலைச்சல் இல்லை. அங்கே சிந்திய மையைக் கண்டு பார்க்காமல் விட்டிருந்தேன். மைக்கறைக்குள் ஒரு வரி: 'தபால் கார்டு ந.பை. 5'. நயா பைசா 1957 ஏப்ரல் 1 அன்றுதான் பிறந்தது. கணக்கு முழுவதையும் அணாவில் எழுதிய மனிதர், தபால் ஆபீஸ் ஜன்னலில் மட்டும் புதுக் காசுக்குத் தலை வணங்கியிருக்கிறார்.

சிட்டையோடு வேலூர் போனேன். குறிப்புகளை ஒவ்வொன்றாகப் படித்துக் காட்டினேன். பேராசிரியர் குறுக்கே பேசவில்லை. கடைசியில், "அந்தப் பென்சில் எழுத்து யாருடையது என்று கேட்கவில்லையே?" என்றார்.

"யாருடையது, சார்?"

"என்னுடையதுதான். முப்பது வருஷத்துக்கு முன்னால் போட்டேன். ஒரு கருத்தரங்கிலும் படித்துவிட்டேன், சாட்டர்டனுக்கு முன்னால் ஆம்பூரில் குரோம் என்று. எல்லாரும் கைதட்டினார்கள். யாராவது ஒருவர் கிழமையைச் சோதிப்பார்கள் என்று காத்துக்கொண்டிருந்தேன்."

1958-ஐ எடுத்துக்கொண்டுபோய் 1898-இல் வைத்தவர் யார் என்பது தெரிந்துவிட்டது. நான் அழிரப்பரை எடுத்தேன். அவர் கையைப் பிடித்துத் தடுத்தார். '1898'-க்குக் குறுக்கே ஒரே ஒரு கோடு போட்டு, கீழே '1958-59' என்று எழுதி, அன்றைய தேதியையும் கிழமையையும் குறித்துக் கையெழுத்திட்டார்.

தோல் மண்டியோ ஷாப்போ நடத்திய வீடுகளில் ஆண்டுப் பெயர் மட்டும் தாங்கிய சிட்டைகள் இன்னும் பரணில் கிடக்கும். இந்தக் கட்டுரையைப் படிக்கிறவர் வீட்டில் அப்படி ஒன்று இருந்தால், எடைக்குப் போடும் முன் உள்ளே ஒரு பக்கத்தின் தேதியையும் கிழமையையும், நோன்புப் பெருநாள் வரி எந்த மாதத்தில் வருகிறது என்பதையும் எழுதி அனுப்புங்கள். ஆண்டைக் கண்டுபிடித்துத் தருகிறேன். அட்டைமேல் மட்டும் பென்சிலால் எதையும் எழுதாதீர்கள்.