வெக்கை நோயை ஒழித்த மாட்டுக்காரர்

பழந்தமிழில் மாடு என்றால் செல்வம் என்றும் ஒரு பொருள் உண்டு. பட்டிப்பொங்கலண்டு மாட்டைக் குளிப்பாட்டி, மாலை போட்டு, பொங்கல் ஊட்டிய எங்கட சனத்துக்கு இதை விளங்கப்படுத்தத் தேவையில்லை. ஆபிரிக்காவின் மேய்ச்சல் மக்களுக்கும் அப்படித்தான். பிள்ளைக்குப் பால், பெண்ணுக்குப் பரிசம், பஞ்சத்துக்குக் கையிருப்பு, எல்லாமே மாடுதான். அந்தச் செல்வத்தை அழித்த ஒரு நோயின் கதை இது.

நோயின் பெயர் ரிண்டர்பெஸ்ற். தமிழ்நாட்டில் வெக்கை நோய் என்பார்கள். காய்ச்சல், வாய்ப்புண், ஓயாத கழிச்சல்; பிறகு ஒரு கிழமை, பத்து நாளில் மாடு விழுந்துவிடும்.

1887இல் எரித்திரியாவைப் பிடிக்க வந்த இத்தாலியப் படையின் தேவைக்காக மசாவா துறைமுகத்தில் இறக்கிய மாடுகளோடு இந்த நோய் வந்தது என்பதே பெரும்பாலான வரலாற்றாசிரியர்களின் கருத்து. பத்து வருசத்துக்குள் தென்னாபிரிக்கா வரை போய்விட்டது. போன இடமெல்லாம் பத்து மாட்டில் எட்டு, ஒன்பது செத்தன. உழ எருது இல்லாத எதியோப்பியாவில் 1888 முதல் 1892 வரை பெரும் பஞ்சம். சனத்தில் மூன்றில் ஒரு பங்கு மாண்டிருக்கலாம் என்று கணக்கிடுவார்கள். மாட்டையே நம்பியிருந்த மசாய் மக்களும் நொடிந்துபோனார்கள். அந்தப் பலவீனம் நாடு பிடிக்க வந்தவர்களுக்கு வாய்ப்பாகிவிட்டது.

மருந்து தேடும் வேலையும் அப்போதே தொடங்கியது. ஜேர்மன் விஞ்ஞானி றொபேட் கொக் 1897இல் கிம்பர்லியில், நோயில் செத்த மாட்டின் பித்தநீரை மற்ற மாடுகளுக்கு ஊசியாக ஏற்றிப் பார்த்தார். 1920களில் இந்தியாவின் முக்தேசரில் எட்வர்ட்ஸ் என்பவர் ஆடுகளில் வளர்த்து வீரியம் குறைத்த கிருமியால் ஒரு தடுப்பூசி செய்தார். உண்மையான திருப்பம் கென்யாவில்தான் வந்தது. நைரோபிக்குப் பக்கத்தில் முகுகா ஆய்வு நிலையத்தில் வோல்ட்டர் புளோரைட் என்ற கால்நடை வைத்தியர், கன்றின் சிறுநீரகக் கலங்களில் கிருமியைத் திரும்பத் திரும்ப வளர்த்துச் சாதுவாக்கினார். 1960களின் தொடக்கத்தில் அந்த ஊசி தயார். ஒருமுறை போட்டால் ஆயுள் முழுக்கக் காப்பு. 1999இல் அவருக்கு உலக உணவுப் பரிசு கிடைத்தது.

1962 முதல் 1976 வரை 22 ஆபிரிக்க நாடுகளில் கூட்டாக ஊசி போட்டார்கள். நோய் அநேகமாக மறைந்தது. ஆனால் ஒன்றிரண்டு மூலைகளில் மிஞ்சியிருந்தது. வெற்றி என்று நினைத்துக் கையை விட்டதும், 1980களில் திரும்பப் பரவி இலட்சக்கணக்கான மாடுகளைக் கொன்றது.

ஏன் மிஞ்சியது? மருந்தைக் குளிரில் வைக்க வேண்டும். மின்சாரமும் இல்லை, றோட்டும் இல்லை. சண்டை நடக்கும் இடத்துக்கு அரசாங்க வைத்தியரும் போகமாட்டார். 1990ஐ ஒட்டிய காலத்தில் அமெரிக்காவின் ரவ்ற்ஸ் பல்கலைக்கழகத்து ஜெவ்ரி மரினரும் கூட்டாளிகளும், குளிர்ப்பெட்டி இல்லாமல் ஒரு மாதம் வரை தாங்கக்கூடியதாக அதே ஊசியைத் திருத்தினார்கள்.

அடுத்தது ஆள். மாட்டுக்காரரில் இருந்தே ஆட்களை ஊர்ச்சனம் தெரிவுசெய்ய, அவர்களுக்கு ஊசி போடப் பழக்கினார்கள். எழுத வாசிக்கத் தெரியாதவனின் கையில் ஊசியா என்று படித்த வைத்தியர்கள் பலர் முகம் சுளித்தார்கள். ஆனால் எந்த மந்தை எங்கே நிற்கும், எந்த மாட்டுக்கு என்ன வருத்தம் என்று அவனுக்குத்தானே தெரியும்! 1994இல் எதியோப்பியாவின் அபார் பகுதியில் இப்படிப் பழகிய 20 பேர் 73,000 மாடுகளுக்கு ஊசி போட்டார்கள். உள்நாட்டுப் போர் நடந்த தென்சூடானில் 1993இல் மட்டும் பத்து இலட்சத்துக்கு மேற்பட்ட மாடுகளுக்குப் போடப்பட்டது.

இந்த நோய் எங்களையும் விட்டுவைக்கவில்லை. நாற்பது வருசமாக இலங்கையில் இல்லாதிருந்த வெக்கை, 1987இல் இந்திய அமைதிப்படையின் உணவுக்காக வந்த ஆடுகளோடு திரும்ப வந்தது என்று கால்நடை ஆய்வாளர்கள் எழுதியிருக்கிறார்கள். 1994 வரை அது நின்றது. மசாவாவில் நடந்ததேதான், நூறு வருசம் கழித்து. படை போகிற இடத்துக்கு நோயும் போகும். விலை கொடுப்பது பால்மாடு வைத்திருந்த ஏழை.

ஆபிரிக்காவில் கடைசியாக நோய் கண்டது 2001இல், கென்யாவின் மேரு வனத்து எருமைகளில். 2011 யூன் 28இல் ஐ.நா. உணவு விவசாய நிறுவனம் ரிண்டர்பெஸ்ற் உலகில் ஒழிந்துவிட்டது என்று அறிவித்தது. பெரியம்மைக்குப் பிறகு மனிதர் முற்றாக ஒழித்த இரண்டாவது நோய் இது. இப்போது ஆடுகளைக் கொல்லும் அதன் சகோதர நோயை 2030க்குள் ஒழிக்க முயல்கிறார்கள்.

ஊசியைக் கண்டுபிடித்தவரின் பெயரைப் புத்தகம் சொல்லும். வெய்யிலில் நடந்து கடைசி மந்தை வரை அதைக் கொண்டுபோன மாட்டுக்காரனின் பெயரை ஒருவரும் எழுதிவைக்கவில்லை. அவன் இல்லாமல் நோய் போயிருக்காது. இங்கே பிறந்து வளரும் எங்கட பிள்ளைகள் இந்தக் கதையை அறிய வேண்டியது அதற்காகத்தான்.