பல்லுக்கு ஒரு கவசம்

பல் போனால் சொல் போயிற்று என்பது நம் நாட்டுப் பழமொழி. முதுமையை எண்ணிச் சொல்லப்பட்ட இம்மொழி, ஹாக்கி ஆடும் இளம்பிள்ளைகளுக்கும் பொருந்தும்.

கல்கத்தாவின் அலிப்பூரில், தேசிய நூலகம் அமைந்துள்ள பெல்வடேர் வளாகத்திலிருந்து வடக்கே நடந்து, ஆதிகங்கையையும் குதிரைப் பந்தயத் திடலையும் கடந்தால், பரந்த மைதானம் கண்ணில் படும். இந்திய ஹாக்கியின் தொடக்க வரலாற்றில் இந்நகருக்குத் தனி இடம் உண்டு. பெய்ட்டன் கோப்பைப் போட்டி 1895-ஆம் ஆண்டு இங்குத் தொடங்கிற்று. நாட்டின் முதல் ஹாக்கிச் சங்கமாகிய வங்காள ஹாக்கிச் சங்கம் 1908-இல் இங்கே தோன்றியது. 1920-இல் டாக்டர் ரஃபியுத்தீன் அகமது இந்தியாவின் முதற் பல்மருத்துவக் கல்லூரியை நிறுவியதும் இந்நகரிலேதான். கல்லூரியின் தொடக்கச் செலவுக்கு அவர் நடத்திய சோடா, ஐஸ்கிரீம் கடையின் வருவாய் துணை நின்றது என்பது சுவையான செய்தி.

ஹாக்கியும் பல்மருத்துவக் கல்வியும் ஒரே நகரில் வேரூன்றின. ஆயினும் ஆட்டக்காரரின் பல்லைக் காக்கும் கவசம் தோன்றிய இடம் லண்டன் மாநகரம். ஊல்ஃப் கிரௌஸ் என்ற பல்மருத்துவர் 1890-இல் குத்துச்சண்டை வீரர்களின் மேற்பற்கள்மீது கட்டாபெர்ச்சாப் பட்டைகளை ஒட்டினார். கட்டாபெர்ச்சா என்பது மலாய் நாட்டு மரமொன்றின் பால். வெந்நீரில் இளகும், ஆறினால் இறுகும். இன்றைய கவசங்களுக்குச் செயற்கைப் பொருள்கள் வந்துவிட்டபோதிலும், அடிப்படைக் கருத்து அதுவே.

ஹாக்கிக்கு இதன் தேவை மிகுந்ததற்குக் காரணம் ஆட்டம் மாறியமையே. 1976-இல் மான்ட்ரியால் ஒலிம்பிக்கில் முதன்முறையாகச் செயற்கைத் தரையில் ஹாக்கி ஆடப்பெற்றது. பந்தின் எடை இன்றும் 156 முதல் 163 கிராம்தான். ஆனால் அதன் வேகம் வளர்ந்துவிட்டது. பெனால்டி கார்னரில் கோலை நோக்கி முதலில் ஓங்கி அடிக்கும் பந்து, கோல் கோட்டைக் கடக்கும்போது 460 மில்லிமீட்டருக்கு மேல் எழும்பலாகாது என்பது விதி. மட்டையால் இழுத்துச் சுண்டிவிடும் பந்துக்கோ அவ்வரம்பு இல்லை. அது முகத்துயரத்திற்கும் வரக்கூடும்.

சர்வதேச ஹாக்கி விதிகள் வாய்க்கவசம் அணியுமாறு பரிந்துரைக்கின்றனவேயன்றிக் கட்டாயப்படுத்தவில்லை. ஆகவே தேர்ந்தெடுக்கும் பொறுப்பு பெற்றோரைச் சார்கிறது. கவசங்கள் மூவகைப்படும். முதல்வகை கடையில் வாங்கி அப்படியே அணிவது. மலிவானது, ஆனால் வாயில் நில்லாது. பல்லைக் கடித்தே பிடித்துக்கொள்ள வேண்டுமாதலின் பேச்சும் மூச்சும் தடைப்படும். இரண்டாம்வகை வெந்நீரில் இளக்கிக் கடித்து வடிவம் பெறச் செய்வது. பலருக்கும் இது போதுமானது. மூன்றாம்வகை பல்மருத்துவர் அச்செடுத்துச் செய்வது. விலை மிகுதி, பொருத்தமும் மிகுதி. பல்லில் கம்பி கட்டியுள்ள பிள்ளைகளுக்கு மருத்துவரைக் கலந்தே வாங்குதல் நலம்.

சோதனை எளிது. வாயைத் திறந்தாலும் கவசம் கழன்று விழலாகாது. அணிந்தபடியே தெளிவாகப் பேசவும் மூச்சுவிடவும் முடிதல் வேண்டும். பால்பல் விழுந்து புதுப்பல் முளைக்கும் பருவத்தில், சென்ற ஆண்டுக் கவசம் இவ்வாண்டு பொருந்தாது. வெந்நீரில் கழுவினால் வடிவம் கெடும். குளிர்ந்த நீரே தக்கது. கடித்துக் கிழிந்ததை மாற்றிவிட வேண்டும்.

நேயர்களே, பிறமொழி வழங்கும் ஊரில் குடியேறிய நம் பிள்ளைகளுக்கு முதல் நண்பர்களைத் தேடித் தருவது பெரும்பாலும் விளையாட்டுத் திடலே. அடிபடுமென்று அஞ்சி அவர்களை வீட்டில் நிறுத்துவது அந்த நட்பையும் நிறுத்துவதாகும். கவசம் தந்து அனுப்புவதே அறிவுடைமை. ஆட்டம் முடிந்து திரும்பும் பிள்ளை, அன்று கற்ற புதுமொழியை முழுப்பல் தெரியச் சிரித்துக்கொண்டே சொல்லட்டும்.