மூசி ஆற்று விமான விபத்து: ஒரு நிகழ்வும் மூன்று முடிவுகளும்

தமிழ் வரலாறு பயில்வோர்க்குப் பலெம்பாங் என்னும் பெயர் புதியதன்று. ஸ்ரீவிஜயப் பேரரசின் தலைநகராக விளங்கிய அவ்வூர், 1025ஆம் ஆண்டளவில் முதலாம் இராசேந்திரனின் கடற்படையெடுப்புக்கு இலக்கானது. அப்படையெடுப்பின் காரணம் வணிகப் போட்டியா, கொள்ளை வேட்கையா, மன்னனின் புகழ் நாட்டமா என்பதில் அறிஞர்கள் இன்றளவும் ஒருமித்த கருத்தை எட்டவில்லை. அதே பலெம்பாங்கின் அருகே, மூசி ஆற்றில், 1997 டிசம்பர் 19 அன்று சிங்கப்பூர்ப் பயணிகள் விமானம் ஒன்று வீழ்ந்தது. அதன் காரணமும் இவ்வாறே பூசலுக்குரியதாக நிலைத்துவிட்டது. ஆயிரம் ஆண்டுக்கு முந்தைய நிகழ்வில் சான்றின்மை நம்மைத் தடுக்கிறது. இங்கோ சான்றுகள் மிகுதி. எனினும் முடிவு மூன்றாகப் பிரிந்தது. அம்மூன்றையும் எவ்வாறு படிப்பது என்பதே இக்கட்டுரையின் பொருள்.

சில்க்ஏர் நிறுவனம் சிங்கப்பூர்த் தமிழர்க்கு நன்கு அறிமுகமானது. பின்னாளில் கோயம்புத்தூர் சென்று வந்தோர் பலர் அதன் விமானத்தில் ஏறியவரே. 2021இல் அது தாய் நிறுவனமான சிங்கப்பூர் ஏர்லைன்சுடன் முழுமையாக இணைந்தது. அதன் எம்ஐ 185 என்னும் போயிங் 737-300 விமானம், அன்று பிற்பகல் 97 பயணிகளுடனும் பணியாளர் எழுவருடனும் ஜக்கார்த்தாவிலிருந்து சிங்கப்பூருக்குப் புறப்பட்டது. 35,000 அடி உயரத்தில் சீராகப் பறந்துகொண்டிருந்த விமானம், ஜக்கார்த்தா நேரப்படி மாலை 4.12 மணியளவில் நிலைகுலைந்து, ஏறத்தாழ ஒரு நிமிடத்திற்குள் ஆற்றில் மோதிச் சிதறியது. 104 பேரும் மாண்டனர். உறுதியாக அடையாளம் காண முடிந்தது அறுவரை மட்டுமே. இச்செய்தியை முதலில் மனத்திற் கொள்ளாமல் பின்வரும் வாதங்களைப் படிப்பது முறையன்று.

விமானம் வீழ்வதற்கு முன்பே இரு பதிவுக் கருவிகளும் நின்றுபோயிருந்தன என்பதே விசாரணையின் முடிச்சு. தலைமை விமானி தம் அறையைவிட்டுச் சற்று வெளியே செல்லவிருப்பதாகக் கூறிய சில நொடிகளில், 4.05க்குக் குரல் பதிவுக் கருவி நின்றது. அதன் பின்னரும் விமானம் இயல்பாகவே பறந்தது, 4.10க்குத் துணை விமானி தரைக் கட்டுப்பாட்டுடன் பேசியுள்ளார். 4.11க்குப் பறப்புத் தரவுப் பதிவுக் கருவியும் நின்றது. அபாய அழைப்பு எதுவும் வரவில்லை.

கருவிகள் ஏன் நின்றன? மின்சுற்று முறிப்பானை ஒருவர் வேண்டுமென்றே இழுத்துவிட்டிருக்கலாம். கம்பி அறுந்தோ உட்பழுதாலோ நின்றிருக்கவும் கூடும். மணிமேகலையின் இருபத்தொன்பதாம் காதையைப் பாடம் சொல்லும் ஆசிரியர்க்கு இவ்விடத்தில் அறவண அடிகளின் அளவையியல் நினைவுக்கு வராமற் போகாது. ஏதுப்போலி மூன்றனுள் ஒன்றான அநைகாந்திகம், ஒரே ஏது இரு பக்கத்திற்கும் பொதுவாய் நிற்பதையும் தன்னுள் அடக்கும். கருவி நின்றமை, தனித்து நோக்குமிடத்து, அத்தகைய பொது ஏதுவே. இதனையே முதற்சான்றாகக் காட்டி எழுதப்பட்ட செய்திக் கட்டுரைகள் பல என்பதால் இதனை வலியுறுத்த வேண்டியுள்ளது.

விசாரணைப் பொறுப்பு இந்தோனேசியத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்புக் குழுவிடம் இருந்தது. எடையளவில் ஏறத்தாழ 73 விழுக்காடு சிதைவுகள் மீட்கப்பட்டன. 2000 டிசம்பர் 14 அன்று வெளியான அதன் இறுதி அறிக்கை, காரணத்தை உறுதிசெய்ய இயலவில்லை என்றது. அமெரிக்கத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் இதனை ஏற்கவில்லை. எந்த எந்திரப் பழுதும் அவ்வீழ்ச்சிப் பாதைக்குப் பொருந்தாது. வால்பகுதிக் கிடைநிலைப்படுத்தி மூக்கைக் கீழ்நோக்கச் செய்யும் நிலையில் வைக்கப்பட்டிருந்தது. எந்திரங்கள் மிகுவிசையில் இயங்கின. எனவே இது வேண்டுமென்றே செய்யப்பட்டதற்கே ஒத்துள்ளது, பெரும்பாலும் தலைமை விமானியின் செயலாகலாம் என அது கருதியது.

இவ்வாதத்தில் இரு படிகள் உள்ளன. மனிதக் கை தொழிற்பட்டது என்பது முதற்படி. இன்னாரின் கை என்பது இரண்டாம் படி. முதற்படிக்கான பொறியியற் சான்று வலியுடையது என்றே யான் கருதுகிறேன். இரண்டாம் படியோ பெரிதும் உள்நோக்கம் பற்றிய ஊகத்தைச் சார்ந்தது. தலைமை விமானிக்குப் பங்கு வணிகத்தில் இழப்புகள் இருந்தன. பணியில் அவர்மீது ஒழுங்கு நடவடிக்கை எடுக்கப்பட்டிருந்தது. விபத்து நாளோ, 1979இல் அவருடைய விமானப்படைத் தோழர் நால்வர் பிலிப்பைன்சில் விமான விபத்தில் இறந்த அதே டிசம்பர் 19. தேதிப் பொருத்தத்தைக் காரணமாக ஏற்கும் மனப்பாங்கு மக்கள் கதையாடலுக்கு இயல்பானது. தேக்கா காப்பிக்கடைப் பேச்சில் அதற்கு இடமுண்டு, வரலாற்றெழுத்தில் இல்லை. சிங்கப்பூர்க் காவல்துறை, தற்கொலை நாட்டத்திற்குச் சான்று காணவில்லை. அவர்தம் பெயரை யான் இங்குக் குறிக்காமைக்கும் இதுவே காரணம். எந்த மன்றமும் அவர்மீது குற்றத்தை நிறுவவில்லை.

சிங்கப்பூர் உயர் நீதிமன்றத்தில் எழுந்த வினா வேறு. வார்சா ஒப்பந்தத்தின்படி, விமான நிறுவனத்தின் அல்லது அதன் பணியாளரின் மனமறிந்த தவற்றை மெய்ப்பித்தாலன்றி இழப்பீட்டு வரம்பைத் தாண்ட முடியாது. மெய்ப்பிக்கும் பொறுப்பு வழக்குத் தொடுத்த குடும்பங்களைச் சார்ந்தது. 2001 அக்டோபரில் நீதிபதி டான் லீ மெங், விமானம் வேண்டுமென்றே வீழ்த்தப்பட்டதென அவர்கள் மெய்ப்பிக்கவில்லை எனத் தீர்ப்பளித்தார். மேல்முறையீடும் கைகொடுக்கவில்லை. இத்தீர்ப்பை, “வேண்டுமென்றே வீழ்த்தப்படவில்லை என நீதிமன்றம் கண்டது” என எழுதுவோர் உளர். மெய்ப்பிக்கப்படாமையும் பொய்யென நிறுவப்படுதலும் ஒன்றல்ல. மேலும், தாம் இழந்தோரின் விமானியே குற்றவாளி என வாதிட்டாலன்றிக் கூடுதல் இழப்பீடு பெறவியலாத நிலையில் அக்குடும்பங்களைச் சட்டம் நிறுத்தியிருந்தது. அவ்வாதம் அவர்களுடைய நம்பிக்கையா, சட்டத்தின் நெருக்கடியா என்பதைத் தீர்ப்புரையிலிருந்து அறிய முடியாது.

2004இல் லாஸ் ஏஞ்சலிஸ் நடுவர் குழுவின் முன் பிரதிவாதியாக நின்றது, சுக்கான் கட்டுப்பாட்டு வால்வைச் செய்த பார்க்கர் ஹனிஃபின் நிறுவனம். அவ்வால்வின் மீதான ஐயம் திடீரென முளைத்ததன்று. 1991இல் கொலராடோ ஸ்பிரிங்ஸிலும் 1994இல் பிட்ஸ்பர்க் அருகிலும் 737 விமானங்கள் வீழ்ந்ததற்கு, விமானி செலுத்திய திசைக்கு எதிராகச் சுக்கான் திரும்பியதே காரணம் என அமெரிக்க வாரியமே முடிவு செய்திருந்தது. நடுவர் குழு வால்வின் குறையையே காரணமாக ஏற்று, மூன்று குடும்பங்களுக்கு 4 கோடியே 36 இலட்சம் அமெரிக்க டாலர் வழங்க ஆணையிட்டது. ஆயினும் வாரியத்தின் விபத்து அறிக்கைகளை இழப்பீட்டு வழக்குகளில் சான்றாக ஏற்க அமெரிக்கச் சட்டம் இடந்தருவதில்லை. ஆகவே, சுக்கான் கோட்பாட்டை மறுத்த முதன்மைக் கருத்துரை நடுவர் குழுவின் பார்வைக்கே வரவில்லை. இத்தீர்ப்பைப் பொறியியல் முடிவாகக் கொள்வது பொருந்தாது.

அறிக்கைகள் நாட்டுக்கொன்றாகப் பிரிவது இவ்விபத்தோடு நிற்கவில்லை. 1999 அக்டோபரில் அட்லாண்டிக்கில் வீழ்ந்த எகிப்துஏர் 990 விமானம் பற்றி அமெரிக்க வாரியம் துணை விமானி ஒருவரின் செயலைச் சுட்ட, எகிப்திய அதிகாரிகள் எந்திரப் பழுதைச் சுட்டினர். மாறாக, 239 பேருடன் 2014இல் மறைந்த மலேசிய விமானம் எம்எச் 370 பற்றிய 2018ஆம் ஆண்டு அறிக்கை, காரணத்தை உறுதிசெய்ய முடியவில்லை என்றே கூறி நின்றது. இவ்வகைக் கூற்றைக் கையாலாகாமை என இகழ்வது எளிது. ஆனால் மூசி ஆற்று அறிக்கையை முழுதும் படிப்போர், எவையெவை ஆராயப்பட்டன, எவை விலக்கப்பட்டன என்பதை அதில் விரிவாகவே காணலாம். வகுப்பில் ஒப்பீட்டுப் படிப்புக்கு அதனையும் அமெரிக்கக் கருத்துரையையும் சிங்கப்பூர்த் தீர்ப்பையும் ஒருங்கே தருவது பயனுடையது. நடுவர் குழுவோ தன் முடிவுக்கு விளக்கவுரை எழுதும் கடப்பாடு இல்லாதது.

மாண்டோர்க்குப் பலெம்பாங்கில் ஒன்றும் சிங்கப்பூரின் சுவா சூ காங் இடுகாட்டில் ஒன்றுமாக நினைவுச் சின்னங்கள் உள்ளன. அனைத்துலக வான்போக்குவரத்து விதிகளின்படி, முக்கியமான புதுச்சான்று கிடைப்பின் விசாரணை நடத்திய நாடு அதனை மீண்டும் திறத்தல் வேண்டும்.